உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன்: கோத்தகிரி, ஊட்டி கைவினைக் கடைகளில் இரண்டு நாள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 26 வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டுவேன். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முந்தானையை என்னையறியாமல் புரட்டிப் பார்த்து, நல்ல வசவு வாங்கியிருக்கிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு நீலகிரியில் கைவினைக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எப்படி இருந்தது என்று யார் யாரோ கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

கூட வந்தது அக்கா. சொந்த அக்கா இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்குப் பிசிறு வெட்டச் சொல்லிக் கொடுத்தவர், அன்றிலிருந்து அக்கா. என்னைவிட நாலு வயது பெரியவர். ஐம்பது தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய ஆல்ட்டோ ஒன்றை வாங்கி, அதை மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விரட்டாமல் வைத்திருக்கிறார். மலைக்கு அந்த வேகமே அதிகம்.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவிநாசி, அன்னூர் வழியாகக் கிளம்பினோம். சனி, ஞாயிறில் போகாதீர்கள். 2024 மே 7-ல் இருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், அதை முன்னாடியே ஆன்லைனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது, இரண்டு நிமிஷ வேலை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு போகாதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அக்கா எவர்சில்வர் தூக்கில் தக்காளிச் சோறும், பித்தளைச் செம்பில் தண்ணியும் கொண்டு வந்திருந்தார். செக்போஸ்ட் தம்பி செம்பைப் பார்த்து, "கோயிலுக்காம்மா?" என்றான்.

மேட்டுப்பாளையத்தில் இரண்டு பாதை பிரிகிறது. பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டி போவது ஒன்று, அதில் 14 கொண்டை ஊசி வளைவு. இன்னொன்று குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரி போவது, 33 கிலோமீட்டர். நிதானமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் ஏறும்போது கோத்தகிரி ரோட்டைப் பிடியுங்கள். வண்டி குறைவு, சரிவும் அவ்வளவு செங்குத்து இல்லை. பாக்குத் தோப்பு முடிந்து காடு, காடு முடிந்து தேயிலை என்று கண்ணுக்கு எதிரிலேயே மலை மாறிக்கொண்டே வரும். ஒன்று மட்டும் கவனம்: குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும். நாங்கள் போனது அந்தச் சமயம்தான். யானையைப் பார்க்கவில்லை. ரோட்டில் உரித்துப் போட்ட பலாத்தோலையும், இன்னும் ஆவி அடங்காத லத்தியையும் பார்த்தோம். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே செகண்ட் கியரில் தாண்டினார்.

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. ஓரம் கட்டி விடலாமே என்றேன்.

"விடுவேன் கண்ணு, எடம் வரட்டும். அவனுக்கு வாடகை ஓடுது, நமக்கென்ன ஓடுது?"

இடம் வந்ததும் விட்டார். போகிற போக்கில் லாரிக்காரர் கை காட்டிவிட்டுப் போனார்.

கோத்தகிரி என்ற பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள், நீலகிரிப் பழங்குடிகளில் ஒரு பிரிவினர். மண்பாண்டம் வனைவது பெண்கள், இரும்பு வேலை, மர வேலை எல்லாம் ஆண்கள். மேளம், குழல் என்று வாத்தியமும் அவர்கள் கையில்தான். ஒரு காலத்தில் இந்த மலையே பண்டமாற்றில் ஓடியிருக்கிறது. கோத்தர் பானையும் கத்தியும் கொடுப்பார், எருமை வளர்க்கும் தோடர் பாலும் நெய்யும், படுகர் தானியம், குறும்பர் தேன். ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களா இருக்கிறது. ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து கட்டியது, இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். கடைகளுக்குள் நுழைவதற்கு முன்னால் அரைமணி நேரம் அங்கே பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. யார் யார் என்ன செய்கிறவர்கள் என்று மனசில் ஒரு வரிசை விழுந்துவிடும். இல்லாவிட்டால் கடையில் எல்லாமே "டிரைபல் அயிட்டம்" என்ற ஒரே மூட்டையாகத்தான் தெரியும்.

கோத்தகிரியில் நாங்கள் அதிக நேரம் இருந்த கடை லாஸ்ட் ஃபாரஸ்ட். கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்று 1993-ல் தொடங்கிய அமைப்பு ஒன்று, மலையில் தேன் எடுக்கிறவர்களோடு வேலை செய்ய ஆரம்பித்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் இந்தக் கடை. தேன், தேன்மெழுகில் செய்த மெழுகுவர்த்தி, சோப்பு, மிளகு, தோடர் எம்பிராய்டரி எல்லாம் இருக்கும். உள்ளே போனதும் யாரும் பின்னாலேயே வந்து "மேடம், இது பாருங்க" என்று நச்சரிக்காதது எனக்குப் பெரிய நிம்மதி. தேனில் கசப்புத் தேன் என்று ஒன்று உண்டு. நாவல் பூக்கிற காலத்தில் எடுப்பது. நாக்கில் வைத்ததும் இனிப்பு, விழுங்கும்போது தொண்டையில் ஒரு கசப்பு. அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது. "கசக்குதில்ல, அப்ப சாப்பிடலாம்" என்று தானே தீர்ப்பு சொல்லி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். கசந்தாலும் தேன் தேன்தான், யாரும் அக்கா பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

தேன்மெழுகுவர்த்தி விலை நம்ம ஊர் மெழுகுவர்த்தியைவிடப் பலமடங்கு. ஆனால் புகை இல்லை, ஏற்றி வைத்தால் அறையில் லேசாகத் தேன் மணம். மின்வெட்டுக்குக் கொளுத்த வாங்காதீர்கள், மனசு வராது.

அங்கேதான் முதல் தோடர் துணியை எடுத்தேன். சின்ன பர்ஸ். வழக்கம்போல் உள்ளே விரலை விட்டுப் புரட்டினேன். லைனிங் போட்டுத் தைத்திருந்தார்கள், உள்பக்கம் தெரியவில்லை. தையல் சுத்தம், ஜிப் பரவாயில்லை, ஓரத்தில் ஒரு பிசிறு. ஆனால் எனக்கு எம்பிராய்டரியின் முதுகைப் பார்க்க வேண்டும். அதனால் பர்ஸை வைத்துவிட்டேன். அக்கா, "இருநூறு மைல் வந்து பிசிறு பாக்கறயே, உன்னயக் கட்டுனவன் பாவம்" என்றார். நூறு கிலோமீட்டர்கூட வரவில்லை என்பதைச் சொல்லவில்லை.

சுவரில் குறும்பர் ஓவியம் மாட்டியிருந்ததைப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் பார்த்தோம். குச்சி குச்சியாக மனிதர்கள், பாறையில் தொங்கும் தேனடை, கொடியில் செய்த ஏணி, கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கும்பல். பாறையிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்த படங்கள், இப்போது காகிதத்துக்கு வந்திருக்கின்றன. நிறம் எல்லாம் காட்டிலிருந்து: மண், இலை, வேங்கை மரத்துப் பிசின். அந்தப் பிசினின் பழுப்புச் சிவப்பு, எந்த டையிங் யூனிட்டிலும் நான் பார்க்காத நிறம். திருப்பூரில் ஒரு சிவப்பைப் பையர் அனுப்பிய ஷேடு கார்டுக்குச் சேர்ப்பதற்குள் மூன்று தடவை சாயம் போட்டு மூன்று தடவை திருப்பி அனுப்புவார்கள். இங்கே இரண்டு படத்தில் இரண்டு சிவப்பு. ரிஜெக்ட் பண்ண யாருமில்லை. வாங்க ஆசைதான், கையில் வைத்திருந்த பணம் சால்வைக்கு என்று ஒதுக்கியது. இன்றுவரை அந்தத் தேனேணிப் படம் கண்ணில் நிற்கிறது. அன்று விட்டது தப்பு.

ராத்திரி தங்கிய லாட்ஜைப் பற்றி ஒரு வரி போதும்: வெந்நீர் காலை ஏழிலிருந்து எட்டு வரை என்று எழுதிப் போட்டிருந்தது, ஏழே கால் வரைதான் வந்தது. அக்கா ஏழு பத்துக்குக் குளித்துவிட்டார். நான் குளிக்கவில்லை.

மறுநாள் கட்டபெட்டு வழியாக ஊட்டி. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் மூன்று இடத்தில் டீ, இரண்டு இடத்தில் காரட் மூட்டை ஏற்றுவதை வேடிக்கை, ஒரு இடத்தில் பனிமூட்டம் விலகட்டும் என்று லைட்டைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றோம். அப்படி நின்ற இருபது நிமிஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம் பழைய லைன் மாஸ்டர்களைப் பற்றி. ஒவ்வொருவராக எடுத்து, யார் நல்லவர், யார் சம்பளம் போடும்போது கணக்கைக் குறைத்தவர் என்று பிரித்து முடிப்பதற்கும் பனி விலகுவதற்கும் சரியாக இருந்தது.

ஊட்டியில் கடைவீதிப் பக்கம் முதலில் நுழைந்த கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாசலிலேயே "தோடா ஷால்" என்று அட்டை. வெள்ளைத் துணி, சிவப்புக் கறுப்பு டிசைன், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துக் காட்டச் சொல்லிப் புரட்டினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல், மெஷினில் அடியில் ஓடுவது. ஓரத்தில் கிழித்து எடுத்தது போக மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங் பேப்பர், மெஷினில் அடிக்கும்போது துணிக்கு அடியில் வைப்பது. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூலைக் கத்தரித்த தடம். இருபது தலை கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் அடித்தது, எங்க ஊர் அவிநாசி ரோட்டிலேயே அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"இது கையில போட்டதுங்களா தம்பி?"

"முழுக்க ஹேண்ட்மேட் மேடம். தோடா லேடீஸ் போட்டது."

நான் பேக்கிங் பேப்பர் துணுக்கை நகத்தால் உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க டெய்லருங்களா?" என்றார். சண்டை போடவில்லை. சம்பளத்துக்கு நிற்கிற பையன், அவனிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் விலைச்சீட்டு மட்டும் இன்னும் எரிகிறது. மெஷின் வேலைக்குக் கைவேலை விலையே போட்டிருந்தார்கள்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கீஸ்டோனும் தோடர் நலவாழ்வுச் சங்கமும் இதற்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். குறியீடு இருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்துப் போனதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் ஏறிப் போனால் ஒரு தோடர் மந்து இருக்கிறது. மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. கடை என்று போர்டு எல்லாம் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு அம்மா துணியை மடியில் போட்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். முன்நெற்றியிலிருந்து சுருள் சுருளாகத் தோளில் விழுகிற கூந்தல். கொசுவலை மாதிரி இழை எண்ணத் தெரிகிற முரட்டு வெள்ளைத் துணி. துணி அவர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்து வாங்குவது. துணியை இழுத்துக் கட்டும் சட்டம் இல்லை, பென்சில் கோடு இல்லை, டிரேசிங் இல்லை. ஊடும் பாவும் எண்ணி எண்ணி ஊசி போகிறது.

பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டுத்தான் உட்கார்ந்தோம். உட்கார்ந்த உடனே நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "இது என்ன டிசைனுங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஊசியை நிறுத்தி, "எருமைக் கொம்பு" என்றார். பிறகு குனிந்து துணியைப் பார்த்தார். எண்ணிக்கை போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் கடைசியாகப் போட்ட ஒரு வரிசையைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். செக்கிங்கில் நான் எத்தனையோ பீஸைப் பிரித்துத் தைக்கச் சொல்லி எறிந்திருக்கிறேன். பிரிப்பது என்றால் என்ன என்று அந்த மூன்று நிமிஷத்தில்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

முடித்து வைத்திருந்த சால்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புத்துக்குளி என்பார்கள். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக வேலை. கை தானாகப் புரட்டியது. புரட்டினால், பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. முடிச்சு எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. ஒரு பக்கம் வழவழவென்று நெய்த துணி மாதிரி, இன்னொரு பக்கம் ஊசி திரும்பும் இடத்திலெல்லாம் நூலை இழுத்து முடிக்காமல் துளி வளையம் விட்டு, தடவினால் சொரசொரவென்று புடைத்து நிற்கிறது. அந்த வளையம் எதற்கு என்று யோசித்தேன். துணி இழுபட்டாலும் நூல் சுண்டாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஓவர்லாக்கில் இதற்குத்தான் டென்ஷனைத் தளர்த்தி வைப்போம்.

வழவழப்பான பக்கத்தைப் பார்த்து, "இதுதான் நல்ல பக்கம்ங்களா?" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் போட்டு, சொரசொர பக்கத்தைத் தடவிக் காட்டினார். "இதுதான் எங்களுக்கு நல்ல பக்கம். அது உள்ளே."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. 26 வருஷமாக உள்பக்கத்தைப் பார்த்தவளிடம் உள்பக்கம்தான் வெளிப்பக்கம் என்றால் என்ன செய்வது?

எத்தனை நாளானது என்று கேட்டேன். மழையில் ஆரம்பித்து, வீட்டு வேலை, எருமை வேலைக்கு நடுவில் போட்டு, இரண்டு மூன்று மாசம் ஆகும் என்றார். இறந்தவரையும் இந்தச் சால்வையில்தான் சுற்றி அனுப்புவார்கள். அதற்கென்று வைத்திருப்பது வேறு, விற்பது வேறு. அதைக் கேட்டபோது அக்கா தன் மடியில் இருந்த துணியை இன்னும் கொஞ்சம் பதவிசாக மடித்தார்.

விலை சொன்னார். ஆயிரங்களில்தான். திருப்பூரில் ஒரு பீஸுக்கு எத்தனை பைசா என்று பேரம் பேசியே வளர்ந்த வாய் எனக்கு. பழக்க தோஷத்தில் திறந்தேன். அக்கா தொடையில் கிள்ளினார். விலையை மூன்று மாசத்து நாளுக்கு வகுத்து, ஒரு நாள் கணக்கை நம்ம ஊர் ஷிப்ட் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அக்கா சால்வையை எடுத்தார், நான் சின்னதாக ஒரு மேஜை விரிப்பு. பணம் ஜி-பேயில் போனது, அந்த அம்மாவின் பேத்தி வந்து போனை வாங்கிச் சரிபார்த்தாள்.

குறை சொல்லாமல் விட்டால் செக்கிங்காரி இல்லை. இந்தச் சால்வையை மெஷினில் போட முடியாது, கையால் அலசித்தான் காயப்போட வேண்டும். சிவப்பு நூல் சாயம் விடுமா என்று ஈரக் கைக்குட்டையை ஓர் ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன், ரொம்ப லேசாக ஒட்டியது. அதனால் முதல் அலசல் தனியாகப் போடுங்கள். இப்போது போடும் நூல் கடையில் வாங்கும் கம்பளி மாதிரி நூல், கழுத்தில் நேராகப் பட்டால் சிலருக்கு அரிக்கும். மந்துக்கு ஏறும் பாதை முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆகாது, அக்கா இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் வந்தார். அது ஆட்கள் குடியிருக்கும் இடம், கடைவீதி இல்லை. கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். நாங்கள் இருக்கும்போதே நாலு பேர் வந்து, அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டி ரீல்ஸ் எடுத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். மறுபடி எண்ணிக்கை போயிருக்கும்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. இரண்டு நாள் பத்தாது, மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியது குன்னூர் வழி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதை அக்கா வேதம் மாதிரி சொல்லிக்கொண்டே செகண்டில் உருட்டினார். ஏறி வரும் வண்டிக்கெல்லாம் நின்று வழி விட்டார். பர்லியாறில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஒரு கிலோ வாங்கினோம். கை, சட்டை, ஸ்டியரிங் எல்லாம் ஊதாக் கறை. சால்வை இருந்த பையை மட்டும் அக்கா டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் முதல் பழத்தை உடைத்தார்.

என் மேஜை விரிப்பு டீவி ஸ்டாண்டு மேல் கிடக்கிறது. சொரசொர பக்கம் மேலே வரும்படி நான் போடுவேன், மருமகள் பெருக்கும்போது "அத்தை திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று சரிசெய்வாள், நான் மறுபடி மாற்றுவேன். அக்கா அந்தச் சால்வையை இன்னும் ஒரு தடவைகூடப் போர்த்தவில்லை. பீரோவில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். எப்போது போர்த்துவீர்கள் என்று கேட்டால், "குளிரு வரட்டும் கண்ணு" என்கிறார். திருப்பூரில்.